மாமாவின் பேச்சும் நான் பிடுங்கிய பிளக்குகளும்

மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு மின்சாரம் தெரியும் என்று நினைப்பது, முட்டை அடித்து ஊற்றிச் செய்கிற வட்டிலப்பத்தைச் சாப்பிடுகிறவனுக்குக் கோழி வளர்க்கத் தெரியும் என்று நினைப்பதைப் போன்றது. நான் கல்முனையில் அப்படியொரு கடை வைத்திருக்கிறேன். பல்ப், வயர், பிளக், காற்றாடி எல்லாம் விற்பேன். படித்தது சாதாரண தரம் வரைக்கும். அதிலும் விஞ்ஞான பாடம் கடைசி வரை என்னோடு கோபமாகவே இருந்தது.

பிள்ளைகளே, ஒரு மனிதரின் வாயை அடைப்பதற்காகக் கரண்டை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் போட்டிருக்காது. அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். செய்து பார்த்தவன் என்ற தகுதி எனக்கு இருக்கிறது.

முதலில் எங்கள் ஊர் வழமையைச் சொல்ல வேண்டும். எங்கள் கரைப் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவான். அந்த வீட்டைப் பெண்ணின் வாப்பா கட்டி, பெண்ணின் பெயரிலேயே எழுதிக் கொடுப்பார். ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், தொட்டில் கட்டின கையோடு அத்திவாரத்துக்குக் கல்லும் கொண்டுவந்து பறிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

நானும் அப்படிப் பெட்டியோடு வந்தவன்தான். என் மனைவி றிஸ்மியாவின் வாப்பா இஸ்மாலெவ்வை மாமா கட்டிக் கொடுத்த வீட்டில்தான் இன்றைக்கும் குடியிருக்கிறேன். மாமாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். பெண் மக்கள் மூன்று பேர். மூத்தவள் என் மனைவி. நடுவிலாளுக்குக் கல்யாணம் நடந்த அன்றுதான் நான் சொல்லப்போகிற கூத்தும் நடந்தது. கடைசி மகள் சாஜிதா அப்போது ஒலுவில் கெம்பசில் படித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாண வீட்டில் மூத்த மருமகன் என்றால் சும்மாவா? எல்லாப் பொறுப்பும் என் தலையில். பொறுப்பு என் தலையில் ஏறியதும் என் தலை என் கழுத்தில் நிற்கவில்லை. பந்தலில் எத்தனை காற்றாடி, எந்தப் பக்கம் சஹன் வைப்பது (சஹன் என்றால் ஆறு பேர் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு), வான்களை எங்கே நிறுத்துவது, எல்லாம் நான் சொன்னபடிதான். கழுத்தில் ஒரு விசில் வேறு தொங்கவிட்டிருந்தேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.)

என்னுடைய பெருமைக்குச் சிகரம் வைத்தாற்போல இரண்டு சாமான்கள் வந்திருந்தன. ஒன்று, மாப்பிள்ளை அஸ்மியின் கூட்டாளிமார் வாடகைக்குக் கொண்டுவந்த காற்று வளைவு. வாசலில் யானை உயரத்துக்கு நிற்கும் பெரிய பலூன் வளைவு அது. ஒரு மெசின் இரைந்துகொண்டே காற்று ஊதினால்தான் நிமிர்ந்து நிற்கும். மற்றது, என் கடையிலிருந்து நானே கொண்டுவந்த ஸ்பீக்கர். சில்லுப் பூட்டினது. இழுத்துக்கொண்டு போகலாம். அந்த ஸ்பீக்கரை விற்பதற்கு நானே ஒரு வசனம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்: "கரண்ட் போனாலும் கதை நிக்காது!"

இந்த வசனத்தைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் மறந்தது இதைத்தான்.

காலையிலேயே றிஸ்மியா என்னைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"இஞ்சருங்க, வாப்பா இண்டைக்கு மைக்கில கதைக்கப் போறாராம்."

"கதைக்கட்டுமே. மாப்புள வரக்க ரெண்டு வார்த்த வரவேத்துக் கதைக்கிறதுதானே?"

"அதில்ல. சாஜிதாக்கு வீடு குடுக்க மாட்டெனெண்டு ஊருக்கு முன்னால செல்லப் போறாராம்."

கையிலிருந்த தேத்தண்ணி என் வெள்ளைச் சேட்டில் கொட்டியது. வேறு சேட்டு மாற்றிக்கொண்டு மாமாவைத் தேடி ஓடினேன். அவர் வளவுக்குள் கதிரையில் இருந்து தாடியைச் சீவிக்கொண்டிருந்தார்.

"மாமா, கையில ஏதும் கஷ்டமா? செல்லுங்க, நாம எல்லாரும் சேந்து கட்டுவம்."

"கஷ்டமொண்டுமில்ல மருமகன். இந்தப் போகமும் நல்ல விளைச்சல். கட்ட ஏலும். கட்ட மாட்டன்."

"ஏன் மாமா?"

"அது பிழையெண்டு எனக்குப் படுது. ரெண்டு வீடு கட்டின பொறகுதான் பட்டிச்சு. நான் என்ன செய்ய?"

"சரி, அப்படியெண்டா அத வீட்டுக்குள்ள செல்லிக்குவமே. வெளிய செல்ல ஒண்ணா மாமா. ஊரு என்ன கதைக்கும்?" (எங்கள் பேச்சில் 'செல்ல' என்றால் சொல்ல, 'ஒண்ணா' என்றால் கூடாது.)

மாமா சீப்பை மடியில் வைத்தார். "சாஜிதாக்கு இப்பவே ரெண்டு புரோக்கர்மாரு வந்துட்டாங்க. வீடு எத்தின அற, மதில் கட்டியா, கட்டாமலா எண்டு கேக்குறாங்க. புள்ளட பேரக் கூடக் கேக்கல்ல. அவ என்னட்ட அழுதுட்டா. ஊரெல்லாம் கூடுற இடத்தில ஒருக்கா செல்லிட்டா, மறுகா ஒருத்தனும் அந்தக் கேள்வியோட படியேற மாட்டான். அவக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்."

"இருந்தாலும் மைக்கில..."

"மருமகன், வீட்டுக்குள்ள செல்லுறதுக்கு மைக் எதுக்கு?"

அவர் மறுபடி தாடியைச் சீவத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அவருடைய எண்ணத்தில் உடன்பாடில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, இன்றைக்கும் இல்லை. பெண்ணின் பெயரில் வீடு இருந்தால் அவள் யாருக்கும் தலை குனிய வேண்டியதில்லை. புருஷன் பெண்சாதி சண்டை வந்தால் வெளியே போகிறவன் புருஷன்தான். (இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். மழையிலும் போயிருக்கிறேன்.) அது என் எண்ணம். ஆனால் அன்றைக்கு எனக்கு என் எண்ணத்தை விட என் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது. மாமா மைக்கில் அதைச் சொன்னால் ஊர் முதலில் யாரைத் திரும்பிப் பார்க்கும்? அவரிடம் முதல் வீட்டை வாங்கின என்னைத்தான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளை ஊர்வலமாகப் பெண் வீட்டுக்கு வந்தார். பட்டாசு வெடித்தது. பந்தலில் நிற்க இடமில்லை. மாப்பிள்ளை அஸ்மி தங்கக் கரை போட்ட நீண்ட உடுப்போடு சரியாகக் காற்று வளைவுக்குக் கீழே வந்து நிற்கவும், மாமா மைக்கைப் பிடிக்கவும் நேரம் சரியாக இருந்தது. பெரியவர் கதைக்கும்போது நடக்கக் கூடாது என்று மரியாதைக்காக அஸ்மி அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். மரியாதைக்குக் கிடைத்த பலனைப் பின்னால் பார்ப்பீர்கள்.

மாமா ஸலாம் சொல்லி, வந்தவர்களை வரவேற்று, மாப்பிள்ளைக்கு துஆ கேட்டார். நான் மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடியுமுன்னே அவர் சொன்னார்:

"இன்னொரு விஷயமும் செல்ல இரிக்கு. ரெண்டு பொண்ணுக்கும் ரெண்டு வீடு கட்டிக் குடுத்தன். இது நம்மட வழம. ஆனா கடைசிப் புள்ளக்கி நான் வீடு குடுக்கப் போறல்ல. ஏலாமலில்ல. அது பிழையெண்டு என்ட மனசு செல்லுது. வீடு கேட்டு வாற மாப்புள என்ட பொண்ணுக்கு வாறல்ல, செங்கல்லுக்கு வாறான்!"

பந்தல் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. செங்கல்லுக்கு வந்தவன் விசிலோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இது என்ன கல்யாண வீட்டில செல்லுற கதையா?" என்று ஒருவர் முறுமுறுத்தார். மாப்பிள்ளையின் வாப்பா ஆதம்பாவா ஹாஜியாரின் முகம் கறுத்துப்போனது. நான் தீர்மானித்துவிட்டேன். இந்தக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறான். கரண்ட் தெரிந்த ஆள்.

பந்தலுக்குப் பின்னால் கிணற்றடிக்குப் போகிற வழியில் ஒரு நீளமான பிளக் பலகை கிடந்தது. எல்லா வயரும் அங்கேதான் வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே வெள்ளை. எல்லாம் என் கடைச் சாமான். எது எதனுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று காலையில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

குனியும்போது கழுத்து விசில் வயர்களில் சிக்கியதால் அதை வாயில் கவ்விக்கொண்டு, முதலில் அகப்பட்ட பிளக்கைப் பிடுங்கினேன்.

பந்தலில் இருந்த காற்றாடிகள் எல்லாம் நின்றன. அவற்றின் இரைச்சலும் நின்றது. மாமாவின் குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

"ஒரு ஆம்புள ஒரு ஓல வீடெண்டாலும் தன்ட கையால கட்டட்டும்!"

அடுத்ததைப் பிடுங்கினேன். வாசலில் இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கியது. இப்போது மாமாவின் குரல் கண்ணாடி மாதிரிக் கேட்டது. பக்கத்து வளவுகளிலும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"என்ட புள்ள படிக்கிறா. அவ செங்கல்லுக்குப் பொறத்தால போற சாமான் இல்ல!"

மூன்றாவதைப் பிடுங்கினேன். அது ஸ்பீக்கரின் வயரேதான். பிடித்துவிட்டேன்! ஆனால் குரல் நிற்கவில்லை. நான் அந்தப் பிளக்கை வெறித்துப் பார்த்தேன். என் கையில் மூன்று பிளக்குகள் முருங்கைக்காய்க் கட்டு மாதிரித் தொங்கின. அப்போதுதான், எங்கோ தூரத்திலிருந்து கேட்பதைப் போல, என் சொந்தக் குரல் காதில் விழுந்தது: கரண்ட் போனாலும் கதை நிக்காது.

அது பெற்றரியில் வேலை செய்கிற ஸ்பீக்கர். காலையில் சார்ஜ் ஏற்றினவனும் நான்தான்.

அதற்குள் வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். காற்று வளைவு மெல்ல மெல்லக் குனிந்துகொண்டிருந்தது. தொழுகையில் ருகூஉக்குப் போகிற மாதிரி நிதானமாக, அவசரமில்லாமல். அஸ்மி மேலே பார்த்தார். மாமா கதைத்து முடிக்கவில்லை. மரியாதையை விடுவதா, ஓடுவதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், வளைவு அவரை முழுதாகப் போர்த்திக்கொண்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதி. திரை கட்டியிருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஒரே ஆரவாரம் கேட்டதும், மாப்பிள்ளை உள்ளே காலெடுத்து வைத்துவிட்டார் என்று நினைத்து, எல்லாரும் சேர்ந்து உரத்துக் குரவையிட்டார்கள்.

அந்தக் குரவைக்கு நடுவில், சிவப்பும் வெள்ளையுமான ஒரு பெரிய மூட்டைக்குள்ளிருந்து மாப்பிள்ளை நாலு காலில் வெளியே வந்தார். தொப்பி கண்ணை மறைத்திருந்தது. கூட்டாளிமாரில் ஒருவர் தூக்கிவிட்டார். மற்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள்.

மாமா மைக்கில் கேட்டார்: "என்ன, கரண்ட் போயிட்டா?"

"இல்ல காக்கா, பக்கத்து வீட்டுல காத்தாடி சுத்துது," என்றார் ஒருவர். (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.)

"அப்ப ஆரு பிளக்கப் புடுங்கின?"

என் மூத்த மகள் ஹனா தன் மூத்தப்பாவுக்கு, அதாவது மாமாவுக்கு, கேட்கிற மாதிரிக் கத்தினாள். அவள் அப்போது முதலாம் வகுப்பு. உண்மை பேச வேண்டும் என்று நான்தான் தினமும் சொல்லிக் கொடுப்பேன்.

"மூத்தப்பா! வாப்பா! வாப்பா கிணத்தடியில எல்லாத்தையும் புடுங்கி கையில வெச்சிரிக்கார்!"

முழு ஊரும் கிணற்றடிக்குத் திரும்பியது. நான் பிளக்குகளைப் பின்னால் மறைத்தேன். வயர்கள் முன்னால் தொங்கின.

மாமாவுக்குக் கோபம் வந்தால் இடது கண்புருவம் மட்டும் ஏறும். அது தொப்பி வரை ஏறியிருந்தது.

"மருமகன், இஞ்ச வாங்க."

போனேன். வேறு எங்கே போவது? அது அவர் கட்டின வீடு.

"நான் செல்லுறது ஒங்களுக்குப் புடிக்கல்லயா?"

பிடிக்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப அத மைக்கில செல்லுங்க. என்ட கதைக்கு ஒங்கட கதையச் செல்லலாம். பிளக்கப் புடுங்க ஒண்ணா."

மைக்கை என் முகத்துக்கு நேரே திருப்பினார். நான் ஸலாம் சொல்ல வாயைத் திறந்தேன். "பீஈஈஈப்" என்றது. விசில் இன்னும் வாயில்தான் இருந்தது. அது என் ஸ்பீக்கரில், பெற்றரி நிறைந்த முழுச் சத்தத்தில், பக்கத்து ஊரான பாண்டிருப்பு வரைக்கும் போயிருக்கும். சின்னப் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஆதம்பாவா ஹாஜியார்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

விசிலைத் துப்பிவிட்டு ஒரு மாதிரிச் சொல்லி முடித்தேன். "மாமா செல்லுறது எனக்குச் சரியெண்டு படல்ல. வீடு பொண்ணுட பேரில இருந்தா அவக்குப் பலம். என்ட மகளுக்கு நான் கட்டுவன். அவ்வளவுதான்." சொன்ன பிறகு ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருவரும் என்னைக் கடித்துத் தின்னவில்லை. வானமும் விழவில்லை. (விழ வேண்டியது ஏற்கெனவே விழுந்துவிட்டது.)

அடுத்து ஆதம்பாவா ஹாஜியார் எழும்பி வந்தார். அவர் கட்டையான மனிதர். மைக் அவருடைய நெற்றிக்கு மேலே நின்றது. எட்டி எட்டிப் பார்த்தார். மாமா போய்க் கம்பத்தின் திருகாணியைத் தளர்த்தி, மைக்கை ஹாஜியாரின் வாய்க்கு நேரே இறக்கி, இறுக்கிக் கொடுத்தார்.

அந்த மைக்கில் ஹாஜியார் மாமாவைக் கிழித்துத் தொங்கவிட்டார். "இஸ்மாலெவ்வை காக்கா செல்லுறது முழுப்பிழை. நம்மட பொம்புளைகள் நடுத்தெருவில நிக்கக் கூடாதெண்டுதான் மூத்தவங்க இந்த வழமைய வெச்ச. இவரு புதுசா ஒரு வழி காட்ட வந்திரிக்கார்!" என்று தொடங்கி, வியர்க்க வியர்க்கக் கதைத்தார். (காற்றாடிகளை நான் இன்னும் போடவில்லை.) மாமா பக்கத்திலேயே கை கட்டிக்கொண்டு நின்றார். புருவம் ஏறி ஏறி இறங்கியது. குறுக்கே ஒரு சொல் போடவில்லை.

ஹாஜியார் முடித்ததும், "முடிஞ்சா?" என்று கேட்டார்.

"ஓம், முடிஞ்சி."

"நீங்க செல்லினதில ஒண்டும் எனக்குச் சரியெண்டு படல்ல. வாங்க, சோறு ஆறுது."

இரண்டு பேரும் ஒரே சஹனில் இருந்தார்கள். இறைச்சித் துண்டைப் பிய்த்து ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளியபடியே, வாயால் மாறி மாறி வெட்டிக்கொண்டார்கள். நான் அதே சஹனில் ஆறாவது ஆளாக, தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன். என்னைப் பார்த்து ஹாஜியார் கேட்டார்: "மருமகன், அந்த ஸ்பீக்கர் என்ன விலக்கி குடுக்கிற? நல்லா வேல செய்யுது."

கதை அதோடு முடியவில்லை. அஸ்மியின் கூட்டாளிமார் பிடித்த வீடியோ அன்றைக்கே எல்லார் போனிலும் ஏறிவிட்டது. மாப்பிள்ளை மேல் வளைவு விழுவதைப் பார்க்கத்தான் எல்லாரும் பார்த்தார்கள். மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரை முழுக்கப் போனது. ஆனால் வளைவு விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு முன்னால் மாமா கதைப்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். காற்றாடிச் சத்தமில்லை, ஊதுகிற மெசின் சத்தமில்லை, ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்டது. எந்தப் பேச்சை ஒரு பந்தலுக்குள் நிறுத்தப் பார்த்தேனோ, அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான்தான்.

புரோக்கர்மார் வருவது நின்றுபோனது. ஊரில் சிலர் மாமாவை "செங்கல் காக்கா" என்று கூப்பிட்டார்கள். மாமி நெடுநாள் அவரோடு சரியாகக் கதைக்கவில்லை. சாஜிதா படித்து முடித்து, ஆசிரியையாகி, ஒருவரும் கேட்டு வராமலே காலம் போனது. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். மாமா ஒரு சொல்லையும் திருப்பி எடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளைக்காரர் அந்த வீடியோவைப் பார்த்தவராம். முதல் தரம் சிரிப்பதற்காகப் பார்த்தாராம். பிறகு கேட்பதற்காகப் பார்த்தாராம். வீட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. சாஜிதாவின் பெயரைத்தான் முதலில் கேட்டார்கள். மாமா குசினிப் பக்கம் போய், வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

இப்போது அவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மழை வந்தால் ஒழுகும். றிஸ்மியா ஒவ்வொரு மாரிக்கும் தங்கச்சிக்கு ஒரு வாளி வாங்கிக் கொடுத்துவிட்டு, "வாப்பாட கொள்கை ஒழுகுது" என்பாள். சாஜிதா சிரிப்பாள். அவர்கள் இரண்டு பேரும் உழைத்துத் தங்கள் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டார்கள். நானும் ஹனாவுக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். மாமா வந்து பார்ப்பார். "சுவர் நல்ல நேர் மருமகன். எண்ணம்தான் கோணல்" என்பார். நான் ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புவேன்.

போன கிழமை, எல்லாரும் இருந்து சாப்பிடும்போது, ஹனா கையைக் கழுவாமல் ஒரு பேச்சைத் தொடங்கினாள். இப்போது அவள் உயர்தரம் படிக்கிறாள்.

"வாப்பா, எனக்கு அந்த வீடு வேணாம். அத வித்து என்னப் படிக்க அனுப்புங்க. நான் செல்லுறது என்னெண்டா..."

நான் சோற்றுக் கவளத்தோடு வாயைத் திறந்தேன். "அடியே, அந்த வீட்டுக்கு நான்..."

றிஸ்மியா, சின்ன மகள், சாப்பிட வந்திருந்த மாமா, மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"பிளக்! பிளக்!"

எங்கள் வீட்டில் ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே விழுந்தால் இப்படித்தான். வாப்பா என்றாலும் விதிவிலக்கில்லை. வாப்பாவால் வந்த விதிதான் இது.

கவளத்தை வாயில் போட்டு மூடிக்கொண்டேன். ஹனா தன் கதையைக் கடைசிவரை சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். நான் மென்று, விழுங்கி, தண்ணியும் குடித்தேன்.

"முடிஞ்சா?"

"ஓம் வாப்பா."

"எனக்கு அது சரியெண்டு படல்ல," என்றேன். "இப்ப நான் கதைக்கப் போறன். ஒருத்தரும் பிளக்கப் புடுங்க ஒண்ணா."

ஹனா எழும்பி வந்து, தண்ணிச் செம்பை மைக் மாதிரித் தூக்கி, என் வாய்க்கு நேரே பிடித்தாள்.